ரை நகரத்து மருத்துவரும் இரண்டு அம்மைகளும்

பெரியம்மை, தட்டம்மை, சின்னம்மை எனத் தமிழில் நாம் வழங்கும் பெயர்கள் மூன்றின் ஈற்றிலும் நிற்பது ஒரே சொல். காய்ச்சலில் தொடங்கி மேனியெங்கும் தடிப்பாகவோ கொப்புளமாகவோ வெளிப்படும் நோய்களை நம் முன்னோர் ஒரே குடும்பமாகக் கண்டனர். பின்னர் அடைமொழிகளால் அவற்றைப் பிரித்தனர். அரபு மொழியிலும் பெரியம்மைக்கு 'ஜுதரீ' என்றும் தட்டம்மைக்கு 'ஹஸ்பா' என்றும் தனித்தனிப் பெயர்கள் பண்டே வழங்கின. ஆயினும் பெயர் வேறு, அறிதல் வேறு. காய்ச்சலில் புரளும் ஒரு குழந்தையின் அருகே நிற்கும் மருத்துவன், வரவிருப்பது இரண்டில் எது என்பதை எவ்வாறு அறிவான்? அறிந்தபின் எதைச் செய்வான்? எதைச் செய்யாதிருப்பான்? இவ்வினாக்களுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதியவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி.

நம் மேடைகளிலும் மலர்களிலும் இப்பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. இஸ்லாமிய உலகம் ஈன்ற அறிவியல் மேதைகளின் பட்டியலில் இப்னு சீனாவுக்கு முன்போ பின்போ ராஸியின் பெயர் வரும். அதனுடன் 'பெரியம்மையைக் கண்டுபிடித்தவர்' என்னும் ஒற்றை வரியும் வரும். அவ்வரியைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்கிறோம். அதற்கு அப்பால் செல்வதில்லை. அவ்வரி பிழையானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ராஸிக்கு முன்பே அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த அஹ்ரூன் போன்றோர் இந்நோயைப் பற்றி எழுதியுள்ளனர். இதை நமக்குத் தெரிவிப்பவர்களுள் ராஸியும் ஒருவர். தம் குறிப்புகளில் அவர்களைப் பெயர் சுட்டியே எடுத்தாள்கிறார். தமக்கு உரியதல்லாத புகழை அவர் கோரவில்லை. அவருக்காக நாம் அதைக் கோருவதும் முறையன்று. அவர் உண்மையில் செய்தது என்ன என்பதை அறிய முயல்வதே அவருக்கு நாம் காட்டும் மரியாதையாகும்.

வாழ்வும் பணியும்

இன்றைய டெஹ்ரானுக்கு அருகே இடிபாடுகளாய்க் காணப்படும் ரை, அன்று கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருவழியில் அமைந்த செழிப்பான நகரம். அந்நகரைச் சேர்ந்தவர் என்பதாலேயே 'ராஸி' என்னும் பெயர் அமைந்தது. அவருடைய நூல்களுக்கு ஒரு பட்டியல் தொகுத்த அல்பிரூனி, ஹிஜ்ரி 251 (கி.பி. 865) ஷஃபான் மாதத்தில் அவர் பிறந்ததாகவும், ஹிஜ்ரி 313 (கி.பி. 925) ஷஃபான் மாதத்தில் பிறந்த ஊரிலேயே மறைந்ததாகவும் குறிக்கிறார். அப்பட்டியலில் உள்ள நூல்கள் 184. தமக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன் வாழ்ந்த ஒருவருக்கு மற்றோர் அறிஞர் நூற்பட்டியல் தொகுப்பது என்பதே, அவ்வறிவுலகம் தன் முன்னோரை எவ்வாறு போற்றியது என்பதற்குச் சான்று.

இளமையில் அவர் இசையிலும் இரசவாதத்திலும் ஈடுபாடு கொண்டிருந்ததாகவும், வயது முதிர்ந்த பின்னரே மருத்துவத்துக்கு வந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பின்னர் ரை நகர மருத்துவமனைக்கும், அதன்பின் பக்தாதில் ஒரு மருத்துவமனைக்கும் தலைவராக விளங்கினார். ரை நகரின் ஆளுநராயிருந்த மன்சூர் இப்னு இஸ்ஹாக் என்பாருக்கு 'அல்மன்சூரி' என்னும் மருத்துவ நூலை எழுதி அளித்தார். அரசவைக்கு நூல் எழுதியவரே, மருத்துவரை நாட வசதியற்ற எளியோருக்கென்றும் ஒரு தனி நூல் இயற்றினார் என்பது நம் கவனத்துக்குரியது.

பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தெரிவு செய்ய, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது தாமதமாகக் கெட்டதோ அங்கே கட்டுமாறு ராஸி கூறினார் என்னும் கதை நம்மிடையே மிகப் பரவலானது. இக்கதையை அளூதி மருத்துவமனையுடன் தொடர்புபடுத்திச் சொல்வர். அம்மருத்துவமனை எழுந்ததோ கி.பி. 982இல், ராஸி மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ, ராஸி அம்மருத்துவமனையை நிறுவிய அளூதுத் தவ்லாவுக்கு முந்தியவர் என்று அன்றே எழுதினார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் வரலாற்றாசிரியர் ஐயுற்ற கதையை நாம் இன்றும் ஐயமின்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதைவிட நம்பத்தக்கதும் பொருள் நிறைந்ததுமான ஒரு சித்திரத்தை, ராஸி மறைந்து சுமார் அறுபது ஆண்டுகளில் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' நூலை எழுதிய இப்னுந் நதீம் தருகிறார். ராஸி நடுவில் அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றி மாணவர்கள். அவர்களுக்கு வெளியே அம்மாணவர்களின் மாணவர்கள். அதற்கும் வெளியே மற்றுமொரு வட்டம். வரும் நோயாளி முதலில் வெளி வட்டத்தாரிடம் தன் நோயைக் கூறுவார். அவர்களுக்குத் தெரிந்தால் அவர்களே மருந்து சொல்வர். இல்லையெனில் நோயாளி அடுத்த வட்டத்துக்குச் செல்வார். அனைவரும் தவறினால் மட்டுமே ராஸி பேசுவார். இன்றைய போதனா மருத்துவமனைகளின் நடைமுறையை அறிந்தோருக்கு இக்காட்சி புதிதாயிராது. ஏழைகளிடம் அவர் பேரன்பு காட்டினார் என்றும், அவர்களுக்குத் தாமே பொருளுதவி செய்தார் என்றும் இப்னுந் நதீம் எழுதுகிறார்.

உழைப்பின் விலையையும் ராஸி கொடுத்தார். தம் வாழ்க்கை முறைக்கு விளக்கமாக எழுதிய சிறு நூலில், மாபெரும் தொகுப்பு ஒன்றுக்காகப் பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாய் உழைத்ததையும், அதனால் கண்பார்வை மங்கியதையும், கையின் தசை தளர்ந்ததையும், பின்னர் பிறரைக் கொண்டு படிக்கவும் எழுதவும் செய்ததையும் அவரே பதிவு செய்கிறார். இறுதிக் காலத்தில் அவர் பார்வையை முற்றும் இழந்தார். கண் அறுவைக்கு வந்த மருத்துவரிடம் கண்ணுக்கு எத்தனை உறைகள் என்று அவர் வினவியதாகவும், விடை தெரியாதவர் கையில் தம் கண்ணை ஒப்படைக்க மறுத்ததாகவும் ஒரு செய்தி உண்டு.

ஓரிரவு உரையாடலில் பிறந்த நூல்

பெரியம்மை, தட்டம்மை பற்றிய அந்நூல் அளவில் சிறியது. பதினான்கு அத்தியாயங்கள் கொண்டது. அது பிறந்த விதத்தை ராஸி முன்னுரையில் கூறுகிறார். நற்பண்புமிக்க ஒரு பெருமகனாரின் இல்லத்தில் ஓரிரவு அறிஞர் கூட்டம். பேச்சு பெரியம்மையின் பக்கம் திரும்பியது. ராஸி தம் மனத்தில் தோன்றியதைச் சொன்னார். அது போதாது, இந்நோய்க்கு நிறைவானதொரு நூல் எழுத வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார்.

முதல் அத்தியாயத்திலேயே அவருடைய ஆராய்ச்சி முறை புலப்படுகிறது. அரபியர் 'ஜாலீனூஸ்' என்றழைத்த கிரேக்க மருத்துவர் கேலன், அக்கால மருத்துவத்தில் மறுக்கவொண்ணாத ஆசான். அவர் இந்நோயைக் குறிப்பிடவே இல்லை என்று சிலர் கூறினர். ராஸி கேலனின் நூல்களில் இடங்களைச் சுட்டி, அவர் குறிப்பிட்டிருக்கிறார் என்று வாதிடுகிறார். கேலன் சுட்டியது இதே நோயைத்தானா என்பது பிற்கால ஆய்வாளரின் விவாதத்துக்குரியது. ஆனால் ராஸி அத்துடன் நிற்கவில்லை. கேலன் காரணத்தையோ சிகிச்சையையோ நிறைவாகச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். அரபுக்குப் பெயர்க்கப்படாத நூல்களில் ஏதேனும் இருக்கலாமோ என்றெண்ணி, சுர்யானி, கிரேக்க மொழிகளை அறிந்தோரிடம் விசாரித்ததையும், அவர்களுள் எவரும் கூடுதலாக எதையும் சொல்ல இயலாததையும் எழுதுகிறார். முன்னோர் சொன்னதைத் தேடி அறிவது முதற்கடமை. சொல்லாததைத் தானே கண்டு சொல்வது அடுத்த கடமை. இவ்விரண்டையும் அவர் விடவில்லை.

நோய்க்கான காரணமாக அவர் கூறுவது இன்று நமக்கு ஏற்புடையதன்று. குழந்தையின் குருதி பிழிந்த திராட்சைச் சாறு போன்றது. இளைஞனின் குருதி நொதித்து அடங்கும் நிலையிலுள்ள சாறு போன்றது. முதியவரின் குருதியோ வீரியம் இழந்த பழஞ்சாறு போன்றது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறுகையில் குருதி கொதித்து நொதிக்கிறது. அதன் கழிவு தோல் வழியே வெளிவருவதே பெரியம்மை. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் இந்நோய் ஏன் வருகிறது, முதியோருக்கு ஏன் அரிதாக வருகிறது என்னும் கேள்விகளுக்கு இவ்வாறு அவர் விடை கண்டார். விடை தவறு. ஆனால் அதற்கு அடிப்படையாயிருந்த அவதானிப்பு சரியானது: நெருக்கமான நகரங்களில் பெரியம்மை குழந்தைப் பருவத்திலேயே தாக்கியது, அதிலிருந்து தப்பிப் பிழைத்தவரை மறுபடி தாக்குவது அரிது. உடல் பெறும் எதிர்ப்பாற்றலே இதற்குக் காரணம் என்பதை அறிய உலகம் மேலும் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் அத்தியாயமே நூலின் உயிர்நிலை. தடிப்பு வெளிப்படுமுன் தோன்றும் அறிகுறிகளை அங்கே அவர் வரிசைப்படுத்துகிறார். விடாத காய்ச்சல், முதுகுவலி, மூக்கில் அரிப்பு, உறக்கத்தில் திடுக்கிடுதல் ஆகியவை பெரியம்மை நெருங்குவதைக் காட்டும். குமட்டலும் மனப்பதற்றமும் நிலைகொள்ளாமையும் தட்டம்மையில் மிகுதி. முதுகுவலியோ பெரியம்மைக்கே மிகவும் உரியது. இவ்வளவு நுட்பமாக ஒப்பிட்டு எழுதுவதற்கு ஒரு நோயாளியைக் கண்டது போதாது. பல குழந்தைகளின் அருகே பல இரவுகள் அமர்ந்தவரே இதை எழுத முடியும். இரண்டையும் ஒன்றுக்கொன்று உறவுடைய நோய்களாகவே அவர் கருதினார் என்பதும் உண்மை. ஆயினும் அடையாளங்களை ஒன்றோடொன்று வைத்து நோக்கி வேறுபாட்டை மருத்துவன் கையாளத்தக்க வடிவில் எழுதியதே அவருடைய தனிச்சிறப்பு.

சிகிச்சைப் பகுதியில் கண்ணுக்கு அவர் தந்த முதன்மை நம் உள்ளத்தைத் தொடுகிறது. பெரியம்மை உயிரைக் கவராது விட்ட பலரின் பார்வையைப் பறித்துச் சென்றது. ஆகவே அறிகுறிகள் தென்பட்ட உடனேயே கண்களைக் காக்கத் தொடங்குமாறு ராஸி வற்புறுத்துகிறார். நாளொன்றுக்குப் பலமுறை கண்களில் பன்னீர் விடவும், முகத்தைக் குளிர்ந்த நீரால் கழுவவும் சொல்கிறார். தொண்டை, காது, மூட்டுகள் ஆகியவற்றைப் பேணும் முறைகளும் உண்டு. கொப்புளம் வெளிவருமுன் குளிர்ச்சி தரும் நீரும் உணவும். வெளிவரத் தொடங்கியபின் அதைத் தடுக்காது, வெந்நீர் ஆவியால் அதற்குத் துணை செய்தல் என்று பருவம் பார்த்து மருத்துவத்தை மாற்றுகிறார். கொப்புளம் உலர்ந்தபின் எஞ்சும் பொருக்கை நீக்கவும், முகத்து வடுக்களை மறைக்கவும் தனித்தனி அத்தியாயங்கள் ஒதுக்கியிருக்கிறார். குருதி வாங்கவும் ஹிஜாமா செய்யவும் அவர் சொன்னவற்றை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனால் நோய் போனபின்னும் அந்த முகத்தோடு வாழவேண்டிய மனிதரை அவர் மறக்கவில்லை.

இறுதி அத்தியாயம் பிழைக்கும் நோயாளியையும் பிழைக்காத நோயாளியையும் பற்றியது. வெண்ணிறமாய், பெரிதாய், எண்ணிக்கையில் குறைந்து, தனித்தனியே நிற்கும் கொப்புளங்கள் நல்ல அறிகுறி. அவை வெளிவந்தபின் காய்ச்சலும் தணிய வேண்டும். ஒன்றோடொன்று கலந்து பரவுவதும், பச்சை, ஊதா, கருமை நிறங்கொள்வதும், வெளிவந்தபின்னும் காய்ச்சல் தணியாதிருப்பதும் ஆபத்தானவை. கொப்புளங்கள் கலந்து பரவும் வகையே மிகக் கொடியது என்பதைப் பிற்கால மருத்துவமும் உறுதி செய்தது.

தம் பிழையையும் எழுதியவர்

ராஸியின் மறைவுக்குப் பின், அவருடைய குறிப்பேடுகளை ரை நகர ஆட்சியாளரின் அமைச்சரான இப்னுல் அமீது, ராஸியின் சகோதரியிடமிருந்து பெற்றார். ராஸியின் மாணவர்களைக் கொண்டு அவற்றை ஒழுங்குபடுத்தச் செய்தார். 'அல்ஹாவி' என்னும் பெருநூல் இவ்வாறு உருப்பெற்றது. ஒவ்வொரு நோய்க்கும் கிரேக்கர், இந்தியர், சுர்யானியர், அரபியர் சொன்னவற்றைத் தொகுத்துத் தந்தபின், 'எனக்கு' என்னும் குறிப்புடன் தம் கருத்தை அவர் எழுதியிருப்பார். பிறருக்குக் காட்டுவதற்கென்று எழுதப்படாத ஏடுகள் என்பதால், ஒரு மருத்துவரின் உள்ளத்தை அங்கே ஒளிவுமறைவின்றிக் காண்கிறோம்.

அவற்றுள் ஒரு குறிப்பு அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்னும் நோயாளியைப் பற்றியது. அவருக்கு ஆறு நாளுக்கொருமுறை, நான்கு நாளுக்கொருமுறை, நாள்தோறும் எனப் பலவாறு மாறி மாறிக் காய்ச்சல் வந்தது. அடிக்கடி சிறுநீரும் பிரிந்தது. இது முறைக்காய்ச்சலாக மாறும், அல்லது சிறுநீரகத்தில் புண் இருக்கும் என்று ராஸி கூறினார். சில நாட்களில் சிறுநீரில் சீழ் கண்டது. சிறுநீரகப் புண் என்பது உறுதியாயிற்று. முதலிலேயே ஏன் இதை உறுதியாகச் சொல்லவில்லை என்று ராஸி தம்மைத் தாமே விசாரிக்கிறார். எழுந்து நிற்கையில் இடுப்பில் பாரம் தொங்குவது போல் உள்ளதா என்று நோயாளியிடம் தாம் கேட்கத் தவறியதை ஒப்புக்கொள்கிறார். சிறுநீர் அடிக்கடி பிரிவதைக் கண்டே ஐயம் வலுத்திருக்க வேண்டும். ஆனால் நோயாளியின் தந்தைக்கும் சிறுநீர்ப்பை பலவீனம் இருந்தது என்பது தமக்குத் தெரியாது என்கிறார். நோயாளி நலமடைந்தார். நலமடைந்தவரைப் பற்றியே 'நான் கேட்கத் தவறினேன்' என்று எழுதி வைத்த நேர்மை எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே நேர்மை சோதனையிலும் வெளிப்பட்டது. மூளை உறை அழற்சியை அக்காலத்தார் 'ஸிர்ஸாம்' என்றனர். அதன் அறிகுறிகள் தோன்றுகையில் குருதி வாங்குவது பயன் தருமா என்று அறிய, ஒரு பிரிவினருக்குக் குருதி வாங்கினார். மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டார். பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிட்டார். குருதி வாங்கியது நன்மை செய்தது என்னும் அவருடைய முடிவை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் ஒப்பிட்டறிய ஒரு பிரிவைத் தனியே நிறுத்த வேண்டும் என்னும் எண்ணம், இன்று எந்த மருந்தும் கடந்தாக வேண்டிய வாயில்.

கேலன் மீதான ஐயங்களைத் தொகுத்து அவர் ஒரு தனி நூலே எழுதினார். தம்மீது அதிக நன்றிக்கடன் கொண்ட ஆசான் கேலனே என்று அதில் கூறுகிறார். அத்துடன், மருத்துவம் என்னும் கலை சான்றின்றித் தலைவர்களைப் பின்பற்றுவதை ஏற்காது என்றும் கூறுகிறார். நன்றியும் விசாரணையும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு இந்நூல் சாட்சி.

அவர் காணாதது

இனி, பெருமைப் பட்டியல்கள் சொல்லாதுவிடும் ஒன்றுக்கு வருவோம். பெரியம்மை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. ராஸியின் நூல் இதைப் பற்றிப் பேசவில்லை. தொற்று என்னும் கருத்தே அவருக்குத் தெரியாதென்பதன்று. 'அல்மன்சூரி'யில் தொழுநோய், சொறி, காசம் போன்றவற்றைத் தொற்றும் நோய்களாக அவர் எண்ணுகிறார். அவருக்கு முந்திய தலைமுறையில் குஸ்தா இப்னு லூகா தொற்றைப் பற்றித் தனி நூலே எழுதியிருந்தார். ஆயினும் பெரியம்மை ஏறத்தாழ அனைவருக்கும் வந்தமையால், அது ஒவ்வோர் உடலிலும் இயல்பாக நிகழும் கொதிப்பு என்று ராஸிக்குத் தோன்றியது. எங்கும் இருப்பது கண்ணுக்குப் புலப்படாமல் போவதுண்டு. மிகக் கூர்ந்த கண்ணுக்கும் இது பொருந்தும்.

தொற்றுப் பற்றிய விவாதம் நம் மார்க்க அறிஞர்களிடையேயும் நெடுங்காலம் நடந்தது. தொற்றை மறுப்பதாக அமைந்த நபிமொழியும் உண்டு; தொழுநோயாளியை விட்டுச் சிங்கத்தைக் கண்டவர் போல் விலகுமாறும், நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகங்களுடன் சேர்க்க வேண்டாமென்றும் பணிக்கும் நபிமொழிகளும் உண்டு. நோய் தானாகவே, இறைநாட்டமின்றித் தொற்றும் என்னும் அறியாமைக்கால நம்பிக்கையே மறுக்கப்பட்டது என்று அறிஞர் பலர் இவற்றை இணைத்து விளக்கினர். சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பியது வரலாறு.

ராஸிக்கு நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், 1348இல் அந்தலூஸைக் கொள்ளைநோய் தாக்கியது. கிரானடாவின் அமைச்சரும் அறிஞருமான லிசானுத்தீன் இப்னுல் கதீப் அதைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியுடன் பழகியவர் மடிவதும் விலகி நின்றவர் தப்புவதும், நோயாளியின் ஆடையோ பாத்திரமோ நோயைக் கொண்டு செல்வதும், துறைமுகத்துக்கு வந்திறங்கியவரால் நலமான ஊரில் நோய் பரவுவதும் கண்கூடு என்றார். கண்கூடான உண்மைக்கு முரணாகத் தோன்றும் சான்றுக்கு விளக்கம் காண்பதே முறை என்றும் வாதிட்டார். ராஸி விட்ட இடத்தை நிரப்பியவர் ராஸியின் முறையையே கையாண்டார்: கண்டதை எழுதுவது.

ராஸியின் தத்துவக் கருத்துகள் குறித்துக் கடுமையான சர்ச்சை எழுந்தது என்பதையும் மறைக்கலாகாது. நபித்துவம் பற்றி அவர் கூறியதாகச் சொல்லப்படுபவை, பெரும்பாலும் அவரை எதிர்த்து வாதிட்டோரின் நூல்கள் வழியே நமக்குக் கிடைக்கின்றன. அவர் பெயரில் வழங்கிய ஒரு நூலை அவருடைய பகைவர் எழுதி அவர்மீது சுமத்தியிருக்கலாம் என்று இப்னு அபீ உஸைபிஆ கருதினார். இவ்வழக்கில் தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. அவருடைய தத்துவத்தை மறுத்த அதே சமுதாயம் அவருடைய மருத்துவ நூல்களைப் படியெடுத்தது, பாடமாக்கியது, பாதுகாத்தது. கருத்தை மறுக்கவும் அறிவை ஏற்கவும் ஒருசேரத் தெரிந்திருந்த அந்த மனவிரிவு நம் மரபின் செல்வம்.

நூலின் நெடும்பயணம்

அம்மைநூல் பைஸாந்தியத்தில் கிரேக்கத்துக்குச் சென்றது. அக்கிரேக்கத்திலிருந்து ஜார்ஜியோ வல்லா செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு 1498இல் வெனிஸில் அச்சேறியது. 1747இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு மீடு, பெரியம்மை பற்றிய தம் நூலுடன் ராஸியின் நூலையும் இணைத்து வெளியிட்டார். 1766இல் ஜான் சானிங் அரபு மூலத்தை லத்தீனுடன் பதிப்பித்தார். 1848இல் கிரீன்ஹில்லின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. எட்டரை நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு மருத்துவ நூலை, வரலாற்று ஆர்வத்துக்காக மட்டுமன்றிப் பயன்பாட்டுக்காகவும் பதினெட்டாம் நூற்றாண்டின் மருத்துவர்கள் நாடினர் என்பது எண்ணத்தக்கது.

'அல்ஹாவி'யை 1279இல் சிசிலியின் யூத அறிஞர் ஃபரஜ் பின் சாலிம் லத்தீனில் பெயர்த்தார். அது 1486இல் அச்சானது. ஆனால் அதன் அரபு மூலம் முழுமையாய் அச்சேற இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருந்தது. அப்பணியைச் செய்தது கெய்ரோவோ பக்தாதோ அன்று. நம் நாட்டின் ஹைதராபாத். அங்குள்ள தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா 1955 முதல் அதை இருபத்து மூன்று பகுதிகளாக வெளியிட்டது. தக்காணத்து அச்சகம் ஒன்றில் அரபுப் பிழைதிருத்திய பெயரறியா அறிஞர்களுக்கு ராஸியை அறிய விரும்பும் உலகம் கடன்பட்டிருக்கிறது.

மெர்காவில் முடிந்த கதை

1796இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மைச் சீழைக் கொண்டு தடுப்புமுறை கண்டார். அதற்கு முன்பே உதுமானியர் நாட்டில் அம்மைச் சீழையே சிறிதளவு உடலில் ஏற்றும் வழக்கம் இருந்ததையும், 1717இல் அங்கே சென்ற ஆங்கிலத் தூதரின் மனைவி அதைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றதையும் பலர் அறிவர். தடுப்பூசியும், நோயாளியைத் தேடிக் கண்டு தனிமைப்படுத்தும் முறையும் இணைந்து இந்நோயை ஒடுக்கின. கொடிய வகைப் பெரியம்மை 1975இல் வங்கதேசத்தின் போலா தீவில், ரஹீமா பானு என்னும் சிறுமியோடு முடிந்தது. மென்மையான வகையால் இயற்கையாகப் பீடிக்கப்பட்ட கடைசி மனிதர், சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனையில் சமையற்காரராயிருந்த அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில், நோயுற்ற குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் உடன் சென்றதில் அவருக்குத் தொற்றியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஆய்வுக்கூடம் சார்ந்து ஏற்பட்ட தொற்றுக்குப் பின் எங்கும் இந்நோய் இல்லை. 1980 மே 8 அன்று உலகச் சுகாதாரப் பேரவை பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது.

மாலினின் கதையில் இரு செய்திகள் ராஸியை நமக்கு நினைவூட்டுகின்றன. முதலாவது, அவருக்கு வந்தது மலேரியா என்று முதலிலும், சின்னம்மை என்று பிறகும் தவறாகக் கருதப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரை நகரத்து மருத்துவர் எழுப்பிய அதே வினா, 'இது எந்த அம்மை?' என்பது, கடைசி நோயாளியின் கட்டிலருகேயும் மருத்துவரைத் தடுமாறச் செய்தது. இரண்டாவது, மருத்துவமனையில் பணியாற்றியும் ஊசிக்கு அஞ்சித் தடுப்பூசியைத் தவிர்த்தவர் மாலின். அதை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, தடுப்பு மருந்தை மறுத்த பெற்றோரிடம் தம் கதையையே எடுத்துச் சொன்னார். அப்பணியில் ஈடுபட்டிருந்தபோதே 2013இல் மலேரியாவால் மறைந்தார். 'நான் கேட்கத் தவறினேன்' என்று எழுதிய மருத்துவருக்கும், 'நான் அஞ்சித் தவிர்த்தேன்' என்று வீடு வீடாய்ச் சொன்ன சமையற்காரருக்கும் இடையே ஓர் உறவை நாம் காண்கிறோம்.

இரண்டு அம்மைகளுள் ஒன்று ஒழிந்தது. மற்றது ஒழியவில்லை. தட்டம்மைக்குத் தடுப்பூசி 1963 முதல் உண்டு. இருந்தும் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். ஊசி கிட்டாத ஊர்களும் உண்டு. கிட்டியும் வதந்தியை நம்பி மறுக்கும் இல்லங்களும் உண்டு. அத்தகைய இல்லம் ஒன்றில், ராஸியின் பெயர் அச்சிட்ட விழா மலர் அலமாரியில் இருக்குமாயின், அந்தப் பெயரால் அங்கே யாருக்கு என்ன பயன்?

ராஸி நமக்கு விட்டுச் சென்றது பெருமை பேசுவதற்கான ஒரு வரியன்று. ஆசானை மதித்து, ஆயினும் சோதித்து, கண்டதை எழுதி, தவறியதை ஒப்புக்கொண்டு, ஏழையின் கட்டிலருகே அமரும் ஒரு பழக்கம் அது. மாணவர் வட்டங்களின் நடுவே அவர் அமர்ந்திருந்தபோது, வெளி வட்டத்தில் நின்ற இளையோர் தாமே நோயாளியைப் பார்த்துத் தாமே விடை காண வேண்டும் என்றே எதிர்பார்க்கப்பட்டனர். ராஸியின் பெயரைச் சொல்லி அவர்கள் நோயாளியைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த வெளி வட்டத்திலேனும் நமக்கோர் இடம் வேண்டுமாயின், நாமும் நோயாளியை நோக்கித் திரும்பியே ஆகவேண்டும்.